துருத்தியும் தேய்ப்புக் கருவியும்

தொழிலால் உயர்ந்த மரபினர் தம் தொழிற்கருவியின் வரலாற்றை அறியாதிருத்தல், தம் முன்னோர் பெயரை மறந்திருத்தலை ஒக்கும். உளிக்கும் வாச்சிக்கும் இழைப்புளிக்கும் ஆண்டுதோறும் பூசையிடும் நாம், அவற்றின் பக்கத்திலே நேற்று வந்து அமர்ந்த புதுக் கருவிகளைப் பற்றி ஒரு சிறிதும் ஆராய்ந்தோமல்லோம். ஆதலின், இத்திங்கள் இதழில் மரத்தை மெருகிடுங் கருவிகளின் வரலாற்றை, சிறப்பாகக் காற்றின் வலியால் இயங்கி உள்ளங்கையில் அடங்கும் தேய்ப்புக் கருவியின் வரலாற்றைச் சுருங்க உரைப்பாம். தொழிற்கூடங்களில் இதனை ‘ஏர் சாண்டர்’ என்றே வழங்குகின்றனர்.

இதனை எழுதத் தூண்டியது எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சிறு பிணக்கு. ஆவடியை அடுத்த சேக்காட்டில் எம் தாய்மாமன் ஒருவர் வாழ்கின்றார். எண்பதாண்டை அணுகிய அவர், இளமையில் அம்பத்தூரிலிருந்த வார்ப்படச்சாலை ஒன்றில் மர மாதிரி செய்யுந் தச்சராய்ப் பல்லாண்டு பணிபுரிந்தவர். அவர் மகன் வீட்டின் பின்புறத்தே சிறு தொழிற்கூடம் நடத்துகின்றான். அண்மையில் தேக்கினாலான தலைவாயிற் கதவு ஒன்றை அவன் காற்றுக் கருவியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது யாமும் அங்கிருந்தோம். முற்பகல் முழுதும் கைத்தேய்ப்பில் கழியும் வேலையை இரண்டு நாழிகையில் முடித்துவிட்டு, “அத்தான், அப்பாவை வந்து பார்க்கச் சொல்லுங்கள்” என்று பெருமிதத்தோடு கூறினான். மாமா வந்தார். கதவைக் கையால் தொடவில்லை. கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லிச் சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் வெயிலில் அதனை நிறுத்தச் செய்தார். அப்போது அக்கதவின் மேல், நேரொளியில் தோன்றாத சிறுசிறு சுழிக்கோடுகள் நத்தை ஊர்ந்த தடம்போலப் புலப்பட்டன. “இது மெருகன்று, கீறல்” என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். மகன் முகம் வாடிற்று. பொறி தொழிலைக் கெடுத்ததா, தொழிலறியாமை பொறியைக் கெடுத்ததா என்னும் வினா எம் உள்ளத்தே எழுந்தது. அவ்வினாவுக்கு வரலாற்றின் துணைகொண்டே விடை காணல் வேண்டும்.

மரத்தை வெட்டுதல், பிளத்தல், இழைத்தல் என்பன இரும்பின் தொழில்கள். வழவழப்பாக்குதலோ பெரும்பாலும் இரும்பினும் மெல்லியதாகிய பிறிதொன்றின் தொழில். நம் நாட்டில் அத்தொழிலைச் செய்தவற்றுள் ஒன்று இலை. பராய் அல்லது பிராய் என்று வழங்கும் மரத்தின் இலை, மேற்புறம் சொரசொரவென்று அரத்தின் பல்லை ஒத்திருக்கும். உலர்ந்த அவ்விலையால் மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகிட்டனர். சமையற் கலங்களையும் துலக்கினர். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருப்பராய்த்துறை என்னும் ஊர் இம்மரத்தினால் பெயர் பெற்றது. அத்திருக்கோயிலின் தலமரமும் பராயேயாகும். தச்சனுக்கு உதவிய இலையைத் தாங்கிய மரம் ஒரு தலத்துக்கே பெயராய் நிற்பது, நம் மரபினர் நினைந்து மகிழற்பாலது. கடற்கரை நாடுகள் பலவற்றில் சுறாமீனின் உலர்ந்த தோல் இதே பணியைச் செய்தது. சீன நாட்டினர் கி.பி. 13ஆம் நூற்றாண்டளவில் சிப்பித் தூளையும் மணலையும் இயற்கைப் பிசினால் தோல்தாளில் ஒட்டிப் பயன்படுத்தினர் என்பர். இன்று நாம் உப்புத்தாள் என்று வழங்கும் பொருளின் மூதாதை அதுவே.

மேலை நாடுகளில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டிலேயாம். 1833ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜான் ஓக்கி என்பார் கண்ணாடித் தூள் ஒட்டிய தாளைச் செய்து விற்குந் தொழிலை நிறுவினார். அடுத்த ஆண்டாகிய 1834இல் அமெரிக்காவின் வெர்மாண்டு நாட்டு ஐசக் பிஷர் என்பார் உப்புத்தாள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் மணலும் கண்ணாடியும் விரைவில் மழுங்கின. 1891இல் எட்வர்டு குட்ரிச் ஆச்சிசன் என்னும் அமெரிக்க அறிஞர், செயற்கை வைரம் ஆக்குதற்கு முயன்று, களிமண்ணையும் கரியையும் மின்வலியால் காய்ச்சினார். வைரம் கிட்டவில்லை, வைரத்துக்கு அணித்தாகிய கடினமுடைய நீலக்கருமையான படிகங்களே கிட்டின. அதற்குக் கார்பொரண்டம் என்று பெயரிட்டு 1893இல் காப்புரிமை பெற்றார். வைரம் தேடிச் சென்றவர் தச்சனுக்கும் கொல்லனுக்கும் அரம் தந்தார் என்க.

பிழையிலிருந்து பிறந்த மற்றொரு செய்தியும் உண்டு. 1902இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பகுதியில், குருந்தக்கல் வெட்டியெடுத்து விற்கலாம் என்று ஐவர் கூடி ஒரு குழுமம் தொடங்கினர். வெட்டிய கல் குருந்தமன்று, பயனற்ற வேறு கல் என்பது பின்னரே தெரிந்தது. அவர்கள் மனந்தளராது உப்புத்தாள் செய்யுந் தொழிலிற் புகுந்தனர். இன்று உலகெங்கும் ‘த்ரீ எம்’ என்று அறியப்படும் நிறுவனம் அதுவே. 1921இல் அவர்கள் நீரில் நனைத்தும் தேய்க்கத்தக்க தாளை வெளியிட்டனர். நனைத்துத் தேய்த்தால் தூசி பறவாது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கே மீள்வோம்.

நம் சென்னையும் இவ்வரலாற்றிற் பின்தங்கவில்லை. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையை நிறுவிய முருகப்பா குழுமத்தார், அமெரிக்க, பிரித்தானிய நிறுவனங்கள் இரண்டனோடு கூடி 1954இல் கார்பொரண்டம் யூனிவர்சல் என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தனர். அதன்பின் சாணைக்கல்லும் தேய்ப்புத்தாளும் நம் நாட்டிலேயே பெருமளவிற் செய்யப்படலாயின. அக்காலத்திலேயே நம் மேற்றிசைப் புறநகரின் முகமும் மாறிற்று. இரண்டாம் உலகப்போரின்போது படைத்தளமாயிருந்த ஆவடியில் 1955 சனவரியில் காங்கிரசு மாநாடு கூடிச் சமதரும முறைச் சமுதாயத்தைக் குறிக்கோளாக்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூர் இரயிற்பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 1965இல் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையினின்றும் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அப்பதிற்றாண்டிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. ஏரியும் கழனியுமாயிருந்த ஊர்களில் இரும்பு புகுந்தது.

இரும்பு புகுந்தவிடத்து மரத்தச்சனுக்கு வேலையில்லை என்று கருதுவார் உளர். அது பிழை. உருக்கிய இரும்பை ஊற்றுதற்கு மணல் அச்சு வேண்டும். மணல் அச்சுக்கு மர மாதிரி வேண்டும். அம்மாதிரியின் மேற்புறம் சிறிது கரடாயிருப்பினும் மணலினின்று உருவுங்கால் அச்சு சிதையும். சிதைந்த அச்சில் வார்த்த இரும்பு வீணாகும். ஆதலின் மாதிரித் தச்சனுக்கு வழவழப்பு என்பது அழகுமட்டுமன்று, அளவுமாம். எம் மாமா கண்ணை மூடிக்கொண்டு புறங்கை விரலால் தடவிப் பார்த்து, “இன்னும் ஒரு தாள் தேய்க்கவேண்டும்” என்று சொல்லுவாராம். அக்கண் அங்குப் பழகியதே. அக்கண்ணே கதவின் சுழிக்கோட்டைக் கண்டது.

இனிக் காற்றின் வரலாற்றை நோக்குவாம். காற்றை அடக்கி வேலைவாங்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. கொல்லனது உலைக்களத்தில் தோல் துருத்தி மூச்சுவிடாத நாளில்லை. ஆனால் துருத்தியின் காற்று தீயை வளர்த்ததேயன்றிக் கருவியைத் தான் இயக்கவில்லை. அழுத்திய காற்றைக் கொண்டு கருவியை இயக்கும் முறை பெரும்பணியொன்றில் வெற்றிபெற்றது ஆல்ப்சு மலையிலேயாம். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மலைச் சுரங்கப் பாதை 1857இல் தொடங்கப்பெற்றது. முதலிற் கையாலேயே பாறையைத் துளைத்தனர், வேலை ஊர்ந்தது. 1861 முதல் செர்மேன் சொம்மெய்யே என்னும் பொறியாளர், மலையருவியின் வலியால் காற்றை அழுத்திக் குழாய்வழியே உள்ளே செலுத்தித் துளைக்கருவிகளை இயக்கினார். சுரங்கத்தினுள் நீராவிப் பொறியைக் கொண்டுசென்றால் புகையால் மக்கள் மாய்வர்; காற்றுக் கருவியோ வேலையும் செய்து மூச்சுக்கும் காற்று தந்தது. 1870 திசம்பரில் இருபுறத்துச் சுரங்கமும் கூடின; 1871இல் பாதை திறக்கப்பெற்றது. அதன்பின் காற்றுச் சுத்தியல், காற்றுத் துளைக்கருவி எனப் பல தோன்றி, நாளடைவில் உள்ளங்கையளவான தேய்ப்புக் கருவியும் பிறந்தது.

அதன் அமைப்பைக் கூறுவாம். காற்றழுத்தி, அதாவது கம்ப்ரசர், சதுர அங்குலத்துக்குச் சுமார் 90 ராத்தல் அழுத்தத்தில் காற்றை அனுப்பும். கருவியின் தலையிலுள்ள நெம்புகோலை உள்ளங்கை அழுத்தியவுடன் அக்காற்று ஓர் உருளையினுட் புகும். உருளையின் மையத்தினின்று சற்று விலகி நிற்கும் சுழலியின் பிளவுகளிற் செருகிய தகடுகளைக் காற்று தள்ள, சுழலி நிமிடத்துக்குப் பத்தாயிரம், பன்னீராயிரம் முறை சுழலும். அதன் அடியில் 5 அல்லது 6 அங்குல வட்டப் பலகை, அச்சினின்று விலகிப் பொருத்தப்பெற்றிருத்தலின், தானும் சுழன்று சிறு வட்டமும் இடும். அவ்வட்டத்தின் குறுக்களவு மெருகு வேலைக்கு ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு. முரட்டு வேலைக்கு 16இல் 3 பங்கு. இவ்விரு அசைவுங் கூடுதலால் ஒரு மணி ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் ஓடாது. கீறல் கண்ணுக்குத் தெரியாது கலைந்துபோம். கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவே. மின்பொறி தன்னுள் இன்மையால் கையில் சூடேறாது. நனைத்துத் தேய்க்குமிடத்தும் மின்தாக்கு அஞ்சவேண்டுவதில்லை.

குறைகளும் உள. கருவி சிறிது, அதன் பசி பெரிது. நிமிடத்துக்கு 15 கன அடிக்கு மேற்பட்ட காற்றை இடையறாது உண்ணும். ஒரு குதிரைவலிக்குச் சுமார் 4 கன அடியே கிட்டுமாதலின், 2 குதிரைவலிக் காற்றழுத்தியை வாங்கிவைத்துக்கொண்டு கருவி சோர்கின்றதென்று வருந்துதல் வீண். காற்றை அழுத்துங்கால் மின்வலியின் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிந்துபோம். நம் சென்னைக் காற்றின் ஈரம் அழுத்தியின் கலத்தில் நீராய்த் தேங்கும். நாடோறும் அதனை வடிக்காவிடில் நீர்த்துளி மரத்தில் தெறித்து மெருகெண்ணெய் ஒட்டாது. தகடுகளுக்கு எண்ணெய் ஊட்டல் வேண்டும்; மிகையாயின் அதுவும் மரத்தைக் கறைப்படுத்தும். இக்கருவியை அழுத்துவார் அறியார். சாய்ப்பார் அதனினும் அறியார். 80, 120, 180, 220 என்னும் எண்வரிசையில் ஒன்றையும் தாண்டாது தாள் மாற்றி, முன்தாளின் தூளைத் துடைத்துவிட்டு, தன் எடையாலேயே கருவி மெல்ல நகருமாறு விடுதலே முறை. எம் மாமன் மகன் 80இலிருந்து 220க்குத் தாவினான். விரைவை விரும்பிக் கையை ஊன்றினான். சுழிக்கோட்டின் காரணம் அதுவே. பிழை பொறியினதன்று.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தை ஆராய்தல் கடன். இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி நூல் எழுதிய பேரறிஞர், கருவி வேறு, பொறி வேறு என்று பிரித்துக் காட்டினார். கம்பளத் தறி கைவினைஞனது விரலுக்குத் துணைநிற்பதால் கருவியாம். விசைத்தறியோ மனிதன் செய்யவேண்டிய பகுதியையே தான் செய்துவிடுவதால் பொறியாம். அதுவே பண்பாட்டை அழிப்பது என்பது அவர் கருத்து. பொருளியலறிஞர் சூமாக்கர் 1973இல் வெளியிட்ட தம் நூலில் இக்கருத்தை எடுத்தாண்டு உலகறியச் செய்தார். இவ்வளவுகோலால் அளந்தால் நம் காற்றுத் தேய்ப்புக் கருவி யாது? கையில் அடங்குகின்றது, கை செல்லும் வழியே செல்கின்றது, எங்கு நிறுத்தவேண்டும் என்பதைத் தான் அறியாது. ஆகவே அது கருவியே என்பது எம் துணிபு. புறத்தே முழங்கும் காற்றழுத்திதான் பொறி. கண்ணும் விரலும் பழகாதவன் கையில் கருவியும் பொறியாகிவிடும். பழகியவன் கையில் பொறியின் வலியும் கருவியாய் அடங்கும்.

அயல்நாட்டுக் கருவியைக் கொள்ளுதல் மரபுக்கு இழுக்கு என்பாரும் சிலர். மணிமேகலை என்னும் காப்பியத்தில், யவன நாட்டுத் தச்சரும் அவந்தி நாட்டுக் கொல்லரும் மராட்ட நாட்டுக் கம்மரும் மகத நாட்டு வினைஞரும் தமிழ் வினைஞரோடு கூடி ஒரு மண்டபம் அமைத்த செய்தி கூறப்பட்டிருத்தலை அவர்கள் நினைவுகூர்வாராக. அக்காலத்துத் தமிழ்த் தச்சன் யவனன் உளியைக் கண்டு முகஞ்சுளித்திருப்பின், அம்மண்டபம் எழுந்திராது.

அற்றேல், அஞ்சத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. அது பொறியன்று, தூசி. அன்று மாமா உள்ளே சென்றவர் சிறிது நேரத்தில் ஓர் ஈரத்துண்டோடு திரும்பிவந்தார். மகனுடைய புருவத்திலும் மீசையிலும் மாவுபோற் படிந்திருந்த தேக்குத் தூளைத் துடைத்துவிட்டார். “கோடு போனால் தேய்த்துக்கொள்ளலாமப்பா, நெஞ்சு போனால் எதைத் தேய்ப்பாய்?” என்றார். அதைச் சொல்லி முடிக்குமுன் அவருக்கே இருமல் வந்துவிட்டது. பல்லாண்டு மரத்தூளில் நின்ற அவர் இன்று பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்க நின்றுவிடுகின்றார். அவர் பிணங்கியது கதவைப் பற்றியன்று என்பதை யாம் அப்போதுதான் உணர்ந்தோம்.

கைத்தேய்ப்பில் தூள் கனத்துக் கீழே விழும். விரைந்து சுழலும் கருவியிலோ அது நுண்ணிதாகி மூச்சோடு உட்புகும். இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஹை விக்கம் என்னும் ஊரில், எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் பெண் மருத்துவர், தம்மிடம் வந்த மரவேலைத் தொழிலாளரிடையே மூக்கினுள் தோன்றும் அரிய புற்றுநோய் மிகுந்திருத்தலைக் கண்டார். அவரும் டொனால்டு ஆச்சிசன் முதலிய அறிஞரும் கூடி ஆராய்ந்து 1968இல் அதனை வெளியிட்டனர். தேய்ப்புப் பொருள் தந்தவர் பெயரும் ஆச்சிசன், தேய்ப்பின் தீங்கை நிறுவியவருள் ஒருவர் பெயரும் ஆச்சிசன் என்பது வரலாற்றின் விந்தை. 1995இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் மரத்தூசியை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பதென ஐயமற உறுதிப்பட்ட முதல் வகுப்பிற் சேர்த்தனர். ஐரோப்பிய நாடுகள் வன்மரத் தூசிக்கு ஒரு கன மீட்டர்க் காற்றில் 2 மில்லிகிராம் என்னும் எல்லையை 2023 முதல் நடைமுறைப்படுத்தின.

அதிர்ச்சியும் ஒரு தீங்கு. 1918இல் அமெரிக்காவின் இந்தியானா நாட்டில், காற்றுச் சுத்தியலால் கல் செதுக்கிய சிற்பத் தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழத்தலை ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்து உரைத்தார். தேய்ப்புக் கருவியின் அதிர்ச்சி சுத்தியலின் அதிர்ச்சியை ஒவ்வாதாயினும், நாள்முழுதும் பிடித்திருப்பவன் இடையிடையே கை ஓய்தல் நன்று.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 14ஆம் பிரிவில், தூசியை அது தோன்றும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல் வேண்டும் என்று விதித்தது. ஆனால் அச்சட்டம் இயந்திர வலியோடு பத்துப் பேரேனும் உழைத்த இடங்களையே பெரிதும் தழுவியது. தந்தையும் மகனும் ஓர் உதவியாளுமாக வீட்டின் பின்புறத்தே உழைக்கும் நம்மவரின் சிறுகூடத்துக்கு எந்தச் சட்டம் வந்து காவல் நிற்கும்? நமக்கு நாமே காவல்.

ஆதலின் அன்பர்களே, எம் வேண்டுகோள் இவை. துளையிட்ட பலகையும் தூசியுறிஞ்சியும் பூட்டிய கருவியையே வாங்குங்கள். விலை சற்று மிகினும் மருத்துவச் செலவினும் குறைவே. மூக்கிற் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது; முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகமூடி அணியுங்கள். வேலை முடிந்ததும் உடலின் தூளைக் காற்றுக்குழாயால் ஊதும் வழக்கத்தை அறவே விடுங்கள். அழுத்திய காற்று தோலின் புண்வழியே குருதியிற் புகின் உயிர்க்கே இறுதியாம். காற்றழுத்தியைத் தனித்து வாங்கவியலாத நான்கைந்து கூடத்தார் பங்கிட்டு வாங்குதல் சாலும். நம் சங்கத்தாரும் ஆண்டுக்கூட்டத்தில் மாலை மரியாதைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை, தச்சர்க்கு நுரையீரற் சோதனை நடத்துதற்கு ஒதுக்குவாராயின், அதனினும் சிறந்த குலத்தொண்டு பிறிதில்லை. அச்சோதனைக்கு இத்தொழில் செய்வார் எம்மரபினராயினும் அழைக்கப்படல் வேண்டும். தூசி குலம் பார்த்துப் புகுவதில்லை.

கதவின் கதை யாதாயிற்று என்று நேயர் வினவலாம். மறுநாள் காலை தந்தையும் மகனும் அதன் இருபுறமும் அமர்ந்தனர். மகன் முகமூடி அணிந்து 120ஆம் தாளில் தொடங்கி முறையே கருவியை ஓட்டினான். கடைசித் தாளை மட்டும் மாமா மரத்தின் ரேகை வழியே தம் கையால் தேய்த்தார். பின் சாய்வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது கோடு ஒன்றும் தோன்றவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் மகன் முகமூடியின் வார் தளர்ந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, அடுத்த கதவை எடுக்கச் சொன்னார்.